கிளை இல்லாத ஆந்தை

"அப்பாவோட கத்தியை எனக்குக் குடுங்க பெரியப்பா."

இதை மட்டும் வாழ்நாளில் கேட்டுவிடாதே என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னது சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது. நான் கேட்டது கூடத்தில், பெரியப்பாவின் தொழிற்சாலைக் கூட்டாளிகள் ஆறேழு பேர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது.

அன்று அவர் ஓய்வு பெற்றிருந்தார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வெட்டும் பிரிவில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, கடைசியில் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். நாலு பேர் புகழ்ந்தால் அவருக்குக் கை தாராளமாகிவிடும். செத்துப்போன தம்பியின் மகளைத் தூக்கி வளர்த்ததையும், இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக்கியதையும் தன் வாயாலேயே ஒரு சுற்று சொல்லி முடித்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, என்ன வேண்டுமானாலும் கேள், இன்றைக்கு இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். ஒரு கைக்கடிகாரம், மிஞ்சிப்போனால் ஒரு ஸ்கூட்டர். அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

கேட்டேன்.

தட்டோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பெரியம்மாவின் கையில் பாதி பிஸ்கட் அந்தரத்தில் நின்றது. ஒன்றும் தெரியாத கூட்டாளி ஒருவர், "கத்திய கேக்குறா, கழுத்த பாத்துக்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அது என்ன கத்தி என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். இவள் தாத்தா வைத்திருந்த மடக்குக் கத்தி, தம்பி கைக்கு வந்தது, இவளுக்கு இப்போது பழம்பொருள்தானே பிழைப்பு என்று அவர்களுக்கு விளக்கிவிட்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். திறக்காதே என்று அதற்கு அர்த்தம்.

என் அப்பாவுக்கும் அதே தொழிற்சாலைதான். பசை காய்ச்சும் தொட்டியில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம், அங்கே ஸ்டோர் பொறுப்பாளர் ஒருவர் காகித உருளைகளுக்கு நடுவில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். மறுநாள் அப்பா தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கால்வாயில் மிதந்தார். இரண்டு பிணங்களையும் கூட்டிக் கழித்துப் பார்க்கப் போலீஸுக்கு அதிக நேரம் ஆகவில்லை. குத்தினான், பயந்தான், குதித்தான். ஆயுதம் கிடைக்கவில்லை. அதையும் தண்ணீரில் எறிந்திருப்பான். கேஸை மூடினார்கள்.

அம்மா மூடவில்லை. ஒரு குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன், இன்னொருத்தர் வயிற்றில் எப்படிக் கத்தியை இறக்குவார் என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சங்கத்து வக்கீல் ஒருவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். ஆயுதம் இல்லை, பார்த்த சாட்சி இல்லை, ஒரு கையெழுத்துப் போடுங்கள், மறுபடி விசாரிக்க வைக்கிறேன் என்றார். அது நான் பள்ளியில் சேர்ந்த வருஷத்தின் கடைசி. அன்று மாலையே பெரியப்பா இந்தக் கத்தியை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினார். இது எங்கள் அப்பாவின் கத்தி, அவருக்குப் பிறகு தம்பி இதைத் தன் லாக்கரில் வைத்திருந்தான், அன்றைக்கு இது ரத்தத்தோடு கிடந்ததை நான்தான் எடுத்து ஒளித்தேன், விசாரணை என்று மறுபடி வந்தால் கூண்டில் ஏறி என்னால் பொய் சொல்ல முடியாது. இவ்வளவுதான் சொன்னாராம். அலகு மடங்குகிற கீல் இடுக்கில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். வக்கீல் திரும்பி வந்தபோது கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அப்பாவின் படங்களை அடுப்பில் போட்டாள். எங்களை மாடி அறையில் குடிவைத்த பெரியப்பா, கொலைகாரன் குடும்பத்துக்கும் நிழல் கொடுத்த மகான் ஆனார். கீழ்வீட்டுத் துணி, தரை, பாத்திரம், பெரியம்மாவின் கால்வலி எல்லாம் அம்மாவின் கணக்கில் சேர்ந்தன. நான் குறும்பு செய்தால் அம்மா என்னை அடிக்கமாட்டாள். "அப்பன் புத்தி" என்பாள். அதற்கு அடியே தேவலை.

ஏதோ சந்தேகத்தில்தான் கத்தியைக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் நம்பினேன். யாராவது அப்பா பேரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எந்தப் பொருள் எங்கள் மூன்று பேரையும் தின்றதோ, அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். பார்க்கிற வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது.

நான் ஓர் ஏலக் கம்பெனியில் இருக்கிறேன். செத்தவர்கள் வீட்டுச் சாமான்கள் லாரியில் வந்து இறங்கும். எது எந்தக் காலத்தது, எது அசல், எது ஒட்டுவேலை என்று பார்த்து எழுத வேண்டும். வேதியியல் படித்தவளுக்குப் பாத்திரக்கடையில் என்னடி வேலை என்று பெரியம்மா கேட்பாள். துரு, பூச்சு, பிளாஸ்டிக், சாயம் எல்லாமே வேதியியல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போ நம்ம வீட்டுக் கக்கூஸ் கறைக்கும் ஏதாவது செய் என்றாள்.

உலோகப் பிரிவில் எனக்கு மேலே ஓர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எந்நேரமும் கண்குழியில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டிருப்பதால் அவளுக்கு லென்ஸக்கா என்று பேர். தெரிந்தவர் பொருள், காலம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கத்தியை அவள் மேஜையில் வைத்தேன். எந்தத் தெரிந்தவர் என்று சொல்லவில்லை. தாத்தா காலத்தது என்கிறார்கள் என்றேன். "எல்லார் வீட்லயும் எல்லாமே தாத்தா காலத்துதான். தாத்தாங்களுக்கு வேற வேலையே இல்ல, வாங்கி வச்சுட்டு செத்துப்போறதத் தவிர" என்றாள். இதை நீயே பார், தப்பு வந்தால் திட்டுவதற்கு நான் இருக்கிறேன் என்று கத்தியை என் பக்கம் தள்ளினாள்.

முதலில் பிடியைப் பார்த்தேன். கருப்பும் பழுப்புமாகக் கோடு ஓடிய பிடி, பார்வைக்கு மாட்டுக்கொம்பு. ஊசியைக் காய்ச்சி உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டால், கொம்பாக இருந்தால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பழைய செல்லுலாய்டாக இருந்தால் சூடம் மணக்கும். இது இரண்டுமில்லை. பிளாஸ்டிக் வாளி அடுப்பில் பட்ட நாற்றம். தாத்தா கத்தி வாங்கக்கூடிய வயதில் இந்தப் பிளாஸ்டிக்கில் கத்திப் பிடி யாரும் செய்யவில்லை. சரி, பழைய பிடி உடைந்து புதிது போட்டிருக்கலாம் என்று ஆணிகளைப் பார்த்தேன். பிடியைக் கழற்றி மாட்டினால் ஆணித்தலையைச் சுற்றிக் கீறல் இருக்கும், தலை மட்டம் மாறியிருக்கும். ஆணிகள் தொழிற்சாலையில் அடித்தது அடித்தபடி இருந்தன.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தாத்தா கத்தி என்றது சும்மா ஒரு பெருமைக்காக இருக்கலாம், அப்பாவே எங்காவது வாங்கியிருக்கலாம் என்றுதான் எண்ணினேன்.

அடுத்தது அலகு. அது தேய்ந்து மெலிந்து, முக்கால்வாசி அகலம் போயிருந்தது. பத்திருபது வருஷம் சாணை பிடித்த கத்தி அப்படித்தான் இருக்கும். நான் அதைத் திறந்து மூடினேன். டக்கென்று சத்தம் வந்தது. பக்கத்து மேஜையில் குனிந்திருந்த லென்ஸக்கா நிமிராமலே, திரும்ப ஒரு தடவை மூடு என்றாள். மூடினேன். கத்தியைப் பிடுங்கி, திறந்த அலகை இரண்டு விரலால் பிடித்து அசைத்தாள். அசையவில்லை. அலகு அவ்வளவு தேய்கிற அளவுக்கு ஒருவன் ஒரு கத்தியைப் பயன்படுத்தியிருந்தால், அதை எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடியிருப்பான். கீல் ஆட வேண்டும். ஸ்பிரிங் சோர்ந்திருக்க வேண்டும். நகத்தை மாட்டித் திறக்கிற பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். இதில் பள்ளத்தின் விளிம்பு நகத்தை வெட்டியது.

"பல்லு போன கிழவன், ஆனா முட்டி மட்டும் பதினெட்டு வயசு" என்றாள் அக்கா. "யாரோ சின்னப் பையனுக்குக் கிழவன் வேஷம் கட்டிருக்காங்க. யாருடி அந்தத் தெரிஞ்சவரு?"

தூரத்துச் சொந்தம் என்றேன்.

துருவையும் பார்த்தேன். தானாகப் பிடிக்கிற துரு ஈரம் தங்குகிற இடத்தில் அதிகமாகவும், கை படுகிற இடத்தில் குறைவாகவும் இருக்கும். இது அலகு முழுக்க ஒரே சீராக, குழம்பு ஊற்றின மாதிரி படர்ந்திருந்தது. வினிகரும் உப்பும் போட்டு ஊறவைத்தால் இப்படி வரும். கீல் இடுக்கில் இருந்த பழுப்பைப் பஞ்சில் ஒற்றி எடுத்துச் சோதித்தேன். இரும்புத் துருதான், வேறொன்றுமில்லை. அம்மா இத்தனை காலம் நடுங்கியது துருவுக்கு.

ஒரு கத்தியை முதுமையாக்க நினைக்கிறவன் அலகைத் தேய்த்துவிட்டுக் கீலை எப்படி மறப்பான்? எனக்கு இது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. பெரியப்பா வேலை பார்த்த வெட்டும் பிரிவில் கத்தி என்றால் மரப்பிடியில் செருகிய வெறும் பட்டை. மடங்காது. தேய்வது அலகு ஒன்றுதான். வாழ்க்கை முழுக்க அந்தக் கத்தியைச் சாணை பிடித்த ஒருவனுக்கு, கத்தி கிழடாவது என்றால் அலகு மெலிவது மட்டும்தான்.

எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் இவ்வளவும் சேர்ந்து சொல்வது கத்தி புதிது என்பதை மட்டும்தான். எவ்வளவு புதிது? அப்பா சாவதற்கு முன் என்றால் ஒரு கதை. பின் என்றால் வேறு கதை. இந்தத் தொழிலில் நாங்கள் தேதியை நேராகப் போய்ப் பிடிப்பதில்லை. இதற்கு முன்னால் இருக்க முடியாது என்று ஒரு சுவர் கட்டுவோம், இதற்குப் பின்னால் இருக்க முடியாது என்று இன்னொன்று. நடுவில் மிச்சமிருக்கிற இடத்தில்தான் தேதி உட்கார்ந்திருக்கும்.

அலகின் அடிப்பக்கத்தில், கீலுக்கு மேலே, துருவுக்குள் ஒரு முத்திரை புதைந்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டினேன். ஓர் ஆந்தை வெளியே வந்தது. ஆந்தை மார்க் கத்தி என்றால் ஒரு காலத்துக்கே பெருமை. அதனால்தான் எல்லாவற்றையும் தேய்த்தவர் இதை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார். அப்பன் வைத்திருந்த கத்திக்கு ஆந்தை இருந்தால்தானே நம்புவார்கள்.

அந்த ஆந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

எங்கள் அலமாரியில் ஆந்தை மார்க் கத்திகள் ஒரு தட்டு நிறைய உண்டு. பழையவை எல்லாவற்றிலும் ஆந்தை ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும், கிளையில் இரண்டு இலை. பிறகு அந்தக் கம்பெனி கைமாறியது. வாங்கினவர்கள் புது அச்சு வெட்டினார்கள், செலவு மிச்சம் என்று கிளையை எடுத்துவிட்டார்கள். என் கத்தியில் கிளை இல்லை. ஆந்தை வெறும் காற்றில் நின்றது.

கம்பெனி எந்த வருஷம் கைமாறியது என்று லென்ஸக்காவைக் கேட்டேன். சொன்னாள். நிச்சயமாகத் தெரியுமா என்றேன். அவள் பதில் சொல்லாமல் இரண்டு விலைப்பட்டியல்களை எடுத்து என் முன்னால் போட்டாள். ஒன்றில் கிளை இருந்தது. அடுத்த வருஷத்தியதில் இல்லை.

அது என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். அப்பா செத்ததற்கு அடுத்த வருஷம்.

அது ஒரு சுவர். இன்னொரு சுவர் அம்மா. அந்த வருஷக் கடைசியில் இந்தக் கத்தியைக் கண்ணால் பார்த்தவள் அவள். நடுவில் சில மாதங்கள்தான் மிச்சம். என் அப்பா கால்வாயில் செத்து மிதந்து, எரித்த சாம்பலும் கரைந்து போன பிறகு, எங்கோ ஒரு பட்டறையில் இந்த அலகை அடிப்பதற்கான எஃகு இன்னும் கம்பியாகத்தான் கிடந்திருக்கிறது.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சுவரைத்தான் உதைத்தேன். கால் வீங்கியது.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். மாடி அறையில் அவள் கீழ்வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிடி, கீல், துரு, ஆந்தை. எளிதாகத்தான் சொன்னேன், படிக்காதவளுக்குப் புரியாது என்றெல்லாம் ஒன்றுமில்லை. அவள் பெரியப்பாவின் சட்டையை மடித்து முடித்தாள். அதையே உதறி மறுபடி மடித்தாள்.

"கத்தியத் திருப்பிக் குடுத்துடு" என்றாள்.

நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. அது பொய்யின்னா நான் இத்தன வருஷம் யாரத் திட்டுனேன்? சொல்லு. செத்தவர் மூஞ்சியக்கூட மிச்சம் வைக்காம எரிச்சேனே, அது யாரோடது?"

போலீஸுக்குப் போவோம், நீதான் கத்தியை எப்போது பார்த்தாய் என்று சொல்ல வேண்டும், நீ சொன்னால்தான் இரண்டாவது சுவர் நிற்கும் என்றேன். சுவரா, எந்தச் சுவர் என்றாள். விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, இந்த வயதில் எனக்கு இருக்கிற சுவர் இந்த நாலுதான், இதை இடித்துவிட்டு உன் சுவரைக் கட்டாதே என்றாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் பெரியப்பா மேல்கூட வரவில்லை. ஏமாந்தவளைப் பார்த்தால் பரிதாபம் வர வேண்டும் என்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் தலையில் இத்தனை வருஷம் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், அவள் அம்மிக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்றால், ஆபீஸுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில் போடுகிற அளவு ஓர் அறை பார்த்தேன். காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே இருந்த அதிகாரி முதலில் கொட்டாவி விட்டார். கத்திக்கு வயசு பார்க்கிற வேலையெல்லாம் இருக்கிறதா என்றார். ஆந்தையைப் பூதக்கண்ணாடியில் காட்டிய பிறகு கொட்டாவி நின்றது. பழைய கோப்பைத் தேடி எடுத்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பகலில் கத்தியோடு வந்து எழுதிக்கொடு, உன் அம்மாவும் வந்தால் நல்லது என்றார்.

ஞாயிறு காலையில் கீழே இறங்கினேன். பெரியப்பா ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துப்போட்டு அதன்மேல் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் சமையலறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்கும்.

அந்தக் கத்தி செய்த வருஷம் தெரிந்துவிட்டது பெரியப்பா என்றேன். எந்த வருஷம் என்று சொன்னேன்.

அவர் நகவெட்டியை நிறுத்தவில்லை. எங்கப்பா வாங்கினது, கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்றார்.

"தாத்தா செத்து மூணாவது வருஷம் கடைக்குப் போனாரா?"

பெரியம்மா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சின்ன வயதில் நான் பென்சிலைத் திருடியபோது பார்த்த அதே பார்வை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, நகத்துணுக்குகளைத் தாளோடு கவனமாக மடித்தார். மறுப்பார், கத்துவார், அடிக்க வருவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் அலுத்துக்கொண்டார். அதற்குத்தான் நான் தயாராக இல்லை.

"உங்கம்மா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?"

"என்ன ஆயிருக்கும்?"

"என்னை விசாரிச்சிருப்பாங்க. ஸ்டோர்லருந்து காகிதம் வெளிய போனதுல என் கை இருந்துச்சு. அந்தாளு கண்டுபிடிச்சிட்டான்."

இதை ஏதோ மழையில் குடை மறந்ததுபோலச் சொன்னார். அப்போ ஸ்டோர்காரரை நீங்கள்தான் என்று ஆரம்பித்தேன், முடிக்க விடவில்லை. கையைத் தூக்கினார்.

"செத்தவனுக்கு பாரம் தெரியாதும்மா. என் தம்பி ஏற்கெனவே போயிட்டான். அவன் மேல ஒண்ணு போட்டா என்ன, ரெண்டு போட்டா என்ன. நான் உயிரோட இருந்தேன். என்னை நம்பி நீங்கல்லாம் இருந்தீங்க. நான் உள்ள போயிருந்தா உன்னை யாரு படிக்க வச்சிருப்பா?"

அப்பா தானாகத்தான் விழுந்தாரா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள், ஈரக் கையோடு. "அதை எங்கிட்ட கேக்காத" என்றார். குரல் அப்போதுதான் முதல் தடவையாகக் கரகரத்தது. ஸ்டோரில் அப்பா எதையோ பார்த்திருக்கிறார், பார்த்ததைக் கால்வாய்க் கரையில் அண்ணனிடமே போய்ச் சொல்லியிருக்கிறார், அங்கிருந்து திரும்பவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அதற்கு முத்திரை கிடையாது.

பெரியம்மாதான் வாயைத் திறந்தாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற சாதி என்று ஆரம்பித்து, பொம்பளப் பிள்ளையைப் படிக்க வைத்தால் இதுதான், வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்று முடித்தாள்.

"ஆமா பெரியம்மா, நீங்க வளர்த்த கடாதான். நீங்க படிக்க வச்ச படிப்புதான்" என்றேன். "நல்லா வேலை செய்யுது."

பெரியப்பா எழுந்து கையை நீட்டினார். கத்தியைக் கொடு, நாம் நாலு பேரும் பேசித் தீர்த்துக்கொள்வோம், வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்றார். மாடி அறையை உன் அம்மா பேரிலேயே எழுதித் தருகிறேன் என்றார். அவள் காலம் வரைக்கும் அவளை யாரும் அசைக்கமுடியாது. நீயே யோசி. அவளை வயதான காலத்தில் கூண்டில் ஏற்றப் போகிறாயா?

நான் அம்மாவிடம் திரும்பினேன். ரூம் எடுத்திருக்கிறேன், இரண்டு கட்டில் இருக்கிறது, இப்போது காவல் நிலையத்துக்குப் போகிறேன், கூட வா என்றேன். இன்னொரு தடவை கேட்கமாட்டேன் என்பதையும் சொன்னேன். கடுமையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொன்னால் அழுது என்னை உட்கார வைத்துவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும்.

அவள் கையைத் துடைத்தாள். கூடத்துக்குள் வந்தாள். என்னோடு வருகிறாள் என்று ஒரு கணம் நம்பினேன், பொய் சொல்லவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து, பெரியப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி, தண்ணீரோடு அவர் பக்கத்தில் வைத்தாள். அவருக்கு நேரமாகிவிட்டது என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அவர் கையில் கொடுக்கவில்லை, மேஜையில்தான் வைத்தாள். கொடுக்காததற்கு ஒரு பொருள் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது சுவர் இல்லாமல் என் தேதி எவ்வளவு தூரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வாய் திறக்காவிட்டால், அவர் துணியில் சுற்றிக் கொடுத்தது வேறு, இது போன வருஷம் நானே வாங்கின கத்தி என்று அவரது வக்கீல் சொல்வான். கேஸ் நிற்காமலே போகலாம். ஆபீஸில் என் பேர் நாறலாம். இதையெல்லாம் அந்த வாரம் முழுக்க யோசித்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருந்தேன்.

கத்தி இருந்த பையைத் தோளில் மாட்டினேன். பெரியம்மா வாசலை மறிப்பதுபோல வந்தாள், நான் நடந்த வேகத்தைப் பார்த்து ஒதுங்கினாள். பின்னால் பெரியப்பா என்னைச் செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு என் அப்பனைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் தெருவில் இருந்தேன்.